சாம்பல் ஏழுக்கு அடியில்

"ஓவியரே, உங்க படத்துல ஒரு கால் விரல் முளைச்சிருக்கு" என்றார் பல் மருத்துவர் வெண்ட்லர்.

நான் சாரத்தின் மேல் நின்றிருந்தேன். ஒரு வழக்கறிஞரின் வீட்டு மாடிப்படிச் சுவரில் பளிங்கு போல வரைந்து தருகிற வேலை. கைபேசியைத் தோளுக்கும் காதுக்கும் நடுவில் இடுக்கிக்கொண்டு தூரிகையைத் துடைத்தேன்.

"விரலா?"

"விரல்தான். நகத்தோட. ஒரு பேஷன்ட் அரை மணி நேரமா அதையே பாத்துட்டு உக்காந்திருந்தார். உள்ள வந்தா பல்லைப் பத்திப் பேச மாட்டேங்கறார், விரலைப் பத்திதான் பேசறார். வந்து மூடிட்டுப் போங்க."

2005, மார்ச். லைப்சிக்கில் பனி உருகி நடைபாதையெல்லாம் சேறாக இருந்தது. மாலையில் வேலை முடிந்ததும் போனேன்.

படம் காத்திருக்கும் அறையில்தான் இருந்தது, பன்னிரண்டு வருடமாக இருந்த அதே சுவரில், ஹீட்டருக்கு மேலே. ஆள் உயரத்துக்குக் கொஞ்சம் குறைவு. முழுக்கச் சாம்பல் நிறம். பெயர் 'சாம்பல் 7'. என் வாழ்க்கையில் நான் விற்ற மிகப் பெரிய படம் அதுதான்.

கீழ் விளிம்பில், ஹீட்டரின் சூடு நேராகப் படுகிற இடத்தில், சாம்பல் நிறம் உள்ளங்கை அகலத்துக்கு மேலே சுருண்டிருந்தது. அதற்கு அடியில் ஒரு பாதத்தின் முனை. பெருவிரலைவிட நீளமான இரண்டாம் விரல். அது இடது பக்கமாக வளைந்திருந்தது.

குனிந்து பார்த்தேன். யாருடைய விரல் என்று எனக்குத் தெரியும்.

"என்ன இது?" என்றார் வெண்ட்லர். கையுறையைக் கழற்றாமலே பின்னால் வந்து நின்றிருந்தார்.

"பழைய படம். இதுக்கு அடியில இருக்கு."

"அடியில ஆள் இருக்குன்னு வாங்கறப்ப நீங்க சொல்லலையே."

"கேக்கல."

"ஓவியம் வாங்கறவன் அதெல்லாமா கேப்பான்?" என்றார்.

*

மார்லிஸ் கிரெட்ச்மர் டிராம் ஓட்டினாள். 1984இல், நாடு இரண்டாகப் பிரிந்து நாங்கள் கிழக்கில் இருந்தபோது, அவளுக்கு இருபத்தொன்பது வயது. எனக்கு இருபத்தேழு. நான் ஓவியக் கல்லூரியில் கடைசி வருடம். ஒரே கட்டடம், அவள் இரண்டாம் மாடி, நான் மூன்றாம் மாடி. நடுப்படியில் இருந்த கழிப்பறை எங்கள் இருவருக்கும் பொது. குளிர்காலத்தில் அதன் குழாய் உறைந்துவிடும். யார் முதலில் வெந்நீர் கொண்டுவந்து ஊற்றுவது என்ற சண்டையில்தான் பழக்கம்.

பட்டத்துக்கு ஒரு பெரிய படம் காட்ட வேண்டும். வரைவதற்கு உட்கார முடியுமா என்று அவளிடம் கேட்டேன்.

"உக்காரத்தானே சொல்ற? நாள் முழுக்க உக்காந்துதான் இருக்கேன். என்ன தருவ?"

"காபி."

"நெஜக் காபியா?"

"நெஜக் காபிதான். மேற்கேயிருந்து அத்தை அனுப்பினது."

"அப்ப என் மூக்கைக்கூட உன் இஷ்டத்துக்கு வரைஞ்சுக்கோ."

ஷிப்ட் முடிந்து சீருடையோடு மேலே வந்தாள். நாற்காலியில் உட்கார்ந்ததும் வலது ஷூவைக் கழற்றி எறிந்தாள். ஒன்பது வருடம் பெடலை மிதித்து அந்தக் கால் விரல் வளைந்திருந்தது. ஷூவைப் போட்டுக்கொள் என்றேன். "இதோட வரை. இல்லேன்னா நான் கீழ போறேன்" என்றாள். வரைந்தேன்.

முப்பத்தொரு மாலைகள். நாற்காலியின் நான்கு கால்களையும் அவளுடைய இரண்டு பாதங்களையும் சுற்றித் தரையில் சாக்பீஸால் கோடு போட்டிருந்தேன். ஒவ்வொரு நாளும் அவள் வந்து அந்தக் கோட்டுக்குள் பாதத்தை வைத்தால் நேற்றைய இடத்தில் இன்று உட்கார்ந்திருப்பாள். முட்டை வேகவைக்க நேரம் பார்க்கிற நீலத் தகரக் கடிகாரம் ஒன்று இருந்தது. அதை இருபது நிமிடத்துக்குத் திருகி வைப்பேன். மணி அடிக்கும்வரை அசையக் கூடாது. பேசலாம். ஆனால் நான் "வாய்" என்று சொன்னால் பேச்சும் கிடையாது. மணி அடிக்கும்வரை வாயைத் திறக்கக் கூடாது. அவள் ஒருநாள்கூட மீறியதில்லை. டிராமில் எட்டு மணி நேரம் நேராகப் பார்த்து உட்காருகிறவள். எனக்குக் கிடைத்தவர்களில் அவளைப் போல உட்கார்ந்தவர் யாருமில்லை.

இடைவேளையில் எழுந்து காலை உதறுவாள். படத்தின் பக்கம் வரமாட்டாள். "முடிஞ்சப்புறம் பாக்கறேன். பாதியில பாத்தா கோவம் வரும்."

முடிந்த பிறகு பார்த்தாள். வெகு நேரம் பார்த்தாள். "நான் இவ்வளவு களைச்சா இருக்கேன்?" என்றாள். பிறகு, "ஆமா, இருக்கேன்."

'டிராம் ஓட்டும் பெண், வேலை முடிந்த பின்' என்று பெயர் வைத்தேன். தேர்வுக்கு வந்த பேராசிரியர் ஷூ எங்கே என்று கேட்டார். கழற்றிவிட்டாள் என்றேன். அவரும் வெகு நேரம் பார்த்தார். சரி என்று எழுதினார். கண்காட்சிக்கு மெல்லிய புத்தகமாக ஒரு படப் பட்டியல் போட்டார்கள். அதில் பெருவிரல் அளவுக்குக் கறுப்பு வெள்ளையில் அந்தப் படமும் இருந்தது. முகம் மங்கியிருந்தது.

பழுப்பு நிலக்கரிப் புகை வாசம், சாக்பீஸ் தூள், அந்தக் காபி. அந்த முப்பத்தொரு மாலைகளை வைத்துக்கொண்டு பிறகு நான் ரொம்ப நாள் ஓட்டினேன்.

*

நாட்டைப் பிரித்திருந்த சுவர் விழுந்தது. மேற்கிலிருந்து ஆட்கள் எங்கள் ஓவிய அறைகளைப் பார்க்க வந்தார்கள். 1991 இலையுதிர் காலத்தில் என்னிடம் ஒருவர் வந்தார். நல்ல மனிதர். என் படங்களை ஒவ்வொன்றாகப் பார்த்துவிட்டு மென்மையாகக் கேட்டார்: "இன்னும் மூக்கெல்லாம் வரையறீங்களா?"

அவர்கள் பக்கம் ஆட்களை வரைவது எப்போதோ பழசாகிப் போயிருந்தது. அவர் ஏளனமாகக் கேட்டிருந்தால் நான் தாங்கியிருப்பேன்.

அந்தக் குளிர்காலத்தில் மூன்று வாளி அக்ரிலிக் வண்ணம் வாங்கினேன். தண்ணீரில் கரையும். ஒரு மணி நேரத்தில் காயும். எங்களுக்கு அதுவே அதிசயம். என்னிடம் பதினொரு பெரிய படங்கள் இருந்தன, பதினொன்றும் ஆட்கள். ஒவ்வொன்றாகச் சாம்பல் பூசினேன். எண்ணெய் வண்ணத்தின் மேல் அக்ரிலிக் பிடிக்காது என்பது கல்லூரியில் முதல் மாதமே சொல்லித்தந்தது. அதையும் மறந்தேன். மறந்தவன் நான் மட்டுமில்லை. அந்த வருடம் எங்கள் ஊரில் பாதிப் பேர் அதையேதான் செய்துகொண்டிருந்தார்கள்.

ஆறு படங்களை யோசிக்காமல் மூடினேன். ஏழாவது மார்லிஸ். தூரிகையைக் கீழே வைத்தேன். அவள் பார்த்துக்கொண்டிருந்தாள். உப்புத்தாளை எடுத்துக் கண்களிலிருந்து தேய்க்க ஆரம்பித்தேன். கால் மணி நேரத்தில் முகம் இருந்த இடத்தில் துணியின் வெள்ளை அடிப்பூச்சு தெரிந்தது. அதற்குப் பிறகு மற்றதையெல்லாம் தேய்க்காமலே மூட முடிந்தது.

பத்துப் படங்கள் விற்கவில்லை. நிலவறையில் வைத்தேன், கட்டடத்தை வாங்கியவர்கள் அள்ளிப் போட்டார்கள். ஏழாவதை மட்டும் வெண்ட்லர் வாங்கினார்.

1993இல் ஒருநாள் டிராம் நிறுத்தத்தில் நின்றிருந்தேன். வந்த டிராமின் ஓட்டுநர் ஜன்னல் திறந்தது.

"ஏய் வோல்க்மார்! என்னை எங்கடா வச்சிருக்க?"

நின்றிருந்தவர்கள் எல்லாரும் என்னைத் திரும்பிப் பார்த்தார்கள்.

"வித்துட்டேன்" என்றேன்.

"யாருக்கு?"

"ஹாம்பர்க்ல ஒருத்தருக்கு."

"வீடு எப்படி?"

"வெள்ளை வீடு. ஏரிக்கரையில. முன்னாடி ஒரு மரம், செவப்பு இலை."

பெயின்ட் கடையில் தொங்கிய நாட்காட்டியில் அப்படி ஒரு வீடு இருந்தது. அது தானாக வாயில் வந்தது.

"அப்ப நான் மேற்க போயிட்டேன்!" அவள் சிரித்தபடியே மணியை அடித்தாள். "டெப்போல எல்லார்கிட்டயும் சொல்றேன்!"

டிராம் போனது. நான் ஏற வேண்டிய டிராம் அதுதான்.

*

நான் மாடிப்படிகளில் பளிங்கு வரையப் போனேன். பழைய வீடுகளையெல்லாம் புதுப்பித்துக்கொண்டிருந்த காலம். வேலைக்குக் குறைவில்லை.

எங்களுக்குப் பின்னால் அதே கல்லூரியில் படித்தவர்கள் விடாமல் ஆட்களை வரைந்தார்கள். பழைய பருத்தி ஆலையில் வாடகைக்கு இடம் பிடித்து வரைந்தார்கள். புதிய நூற்றாண்டு பிறந்த சில வருடங்களில் அமெரிக்காவிலிருந்து ஆட்கள் விமானம் ஏறி வந்து, வண்ணம் காயாத படங்களை வாங்கிப் போனார்கள். மனிதர்கள் ஓவியத்துக்குத் திரும்பி வந்துவிட்டார்கள் என்று செய்தித்தாளில் தலைப்புப் போட்டார்கள். அதைச் சாரத்தின் மேல் உட்கார்ந்து ரொட்டி தின்றபடி படித்தேன். எங்கே போயிருந்தார்கள் என்று எழுதவில்லை. என்னுடையவர்கள் எங்கே போனார்கள் என்று எனக்குத் தெரியும்.

அந்த பிப்ரவரியில், வெண்ட்லரின் தொலைபேசி வருவதற்கு ஒரு மாதம் முன்பு, ஸ்வென்யா என்ற பெண் என்னைத் தேடி வந்திருந்தாள். மேற்கே கொலோன் நகரத்துக்காரி. ஆலையில் ஓவியக்கூடம் வைத்திருந்தாள். கையில் எண்பத்து நான்காம் வருடத்துக் கண்காட்சிப் பட்டியல்.

"ஏப்ரல் கடைசி சனிக்கிழமை திறக்கிறோம். எண்பதுகள்ல ஆள் வரைஞ்சவங்க. இந்த டிராம் அம்மா எனக்கு வேணும். எங்க இருக்காங்க?"

"தேடிப் பாக்கணும்" என்றேன்.

"தேடுங்க. இந்தச் சின்னப் படத்துலயே அந்தக் கால் என்னைத் தூங்க விடல."

தேடுவதற்கு என்னிடம் எதுவும் இருக்கவில்லை. இப்போது ஒரு விரல் இருந்தது.

வெண்ட்லரிடம் படத்தைத் திருப்பிக் கேட்டேன். அவர் ஒத்துக்கொள்ளவில்லை.

"வலியோட வர்றவனுக்குப் பூ வச்ச படத்தைக் காட்டினா கடுப்பாவான். கடலைக் காட்டினா, நான் ஏன் அங்க இல்லன்னு நினைப்பான். சாம்பலைக் காட்டினா ஒண்ணும் நினைக்க மாட்டான். அதுக்குத்தான் வாங்கினேன். அதைத் தர முடியாது."

"அதே அளவுல இன்னொண்ணு போட்டுத் தர்றேன்."

"அதே சாம்பலா?"

"அதே சாம்பல்."

"அடியில?"

"அடியில யாரும் இருக்க மாட்டாங்க, டாக்டர்."

ஒரு வாரத்தில் 'சாம்பல் 12' போட்டு எடுத்துப் போனேன். ஜன்னலோரம் கொண்டுபோய்ச் சாய்த்துப் பார்த்தார். விளிம்பை நகத்தால் சுரண்டிப் பார்த்தார். பிறகு 'சாம்பல் 7'ஐ எடுத்துப் போக விட்டார்.

*

வெந்நீரில் நனைத்துப் பிழிந்த துணியை மேலே வைத்து, தட்டையான கத்தியை உள்ளே விட்டால் சாம்பல் நிறம் பாலாடை போல எழுந்து வந்தது. முதல் நாள் பாதம். சாக்பீஸ் கோடு. அதையும் வரைந்திருந்தேன், மறந்துபோயிருந்தது. அடுத்த நாள் கழற்றிப் போட்ட ஷூ, சீருடைப் பாவாடை, மடியில் கிடந்த கைகள். வலது கட்டைவிரல் நகத்தின் கீழ் அழுக்கு. யாரோ என்னைவிட நன்றாக வரையத் தெரிந்தவன் வரைந்த படம். மூன்றாம் நாள் சீருடைப் பொத்தான்கள். கழுத்து.

கழுத்துக்கு மேல் சாம்பல் எழவில்லை.

எழாது என்று எனக்குத் தெரியும். உப்புத்தாள் தேய்த்த இடத்தில் அது நன்றாகப் பிடித்திருந்தது. இருந்தாலும் ஒரு நாள் முழுக்க முயன்றேன். கத்தி வெள்ளை அடிப்பூச்சைத்தான் தொட்டது. நிறுத்தினேன்.

ஸ்வென்யா வந்து பார்த்தாள். முகம் இருக்க வேண்டிய இடத்தில் சாம்பல் மேகம். அவள் தன் வாயைப் பொத்திக்கொண்டாள்.

"தொடாதீங்க. இனி ஒரு கோடுகூட வேண்டாம். இப்படியே வைப்போம்."

"முகம் இல்ல."

"அதுதான் படமே! ஒரு நாடே இதுல இருக்கு. முகத்தை அழிச்சவங்க, தப்பிச்ச கால். நீங்க ஒண்ணும் சொல்ல வேண்டாம், பாக்கறவங்களே சொல்லிடுவாங்க."

"முகத்தை யாரும் அழிக்கல. நான் அழிச்சேன்."

"அது இன்னும் நல்லது" என்றாள் ஸ்வென்யா.

அவள் சொன்னது பொய் இல்லை. அந்தப் படம் அப்படியே நன்றாகத்தான் இருந்தது. ஆனால் முப்பத்தொரு மாலைகள் உட்கார்ந்தவள் திறப்பு நாளன்று வந்து அதன் முன்னால் நிற்பாள். லைப்சிக்கில் இப்படி ஒரு கண்காட்சி என்றால் அவள் காதுக்குப் போகாமல் இருக்காது. மூன்று வாரம் கேட்டேன். ஸ்வென்யா முகத்தைத் திருப்பிக்கொண்டு, "கெடுத்துடுவீங்க" என்றாள். ஆனால் தந்தாள்.

மார்லிஸின் எண்ணைக் கண்டுபிடித்துப் பேசினேன்.

"படம் ஹாம்பர்க்லேருந்து வந்திருக்கு" என்றேன். "இங்க ஒரு கண்காட்சிக்கு. வழியில அடிபட்டிருச்சு. முகம் போச்சு. நீ கொஞ்சம் வந்து உக்காரணும்."

அந்த நேரத்திலாவது உண்மையைச் சொல்லியிருக்கலாம். சொல்லவில்லை.

"முகம் மட்டும்தானே? கால் இருக்கில்ல?"

"இருக்கு."

"அப்ப வர்றேன். காபி நல்லதா போடு."

*

ஐம்பது வயது. முடியைக் குட்டையாக வெட்டியிருந்தாள். இப்போதும் அதே வேலை, வேறு சீருடை. படம் அவளுக்கு முதுகு காட்டி நின்றது. எட்டிப் பார்க்கவில்லை.

"முடிஞ்சப்புறம்தானே?"

"முடிஞ்சப்புறம்."

நாற்காலியில் உட்கார்ந்து வலது ஷூவைக் கழற்றினாள்.

"முகம்தான் வரையப் போறேன்."

"கால் வெளிய இல்லேன்னா முகம் வராது. இப்ப புது வண்டில பெடலே கிடையாது தெரியுமா? எல்லாம் கைப்பிடி. இந்தக் கால் சும்மா உக்காந்திருக்கு. இருந்தும் வளைஞ்சது நேராகல."

தரையில் அவளுடைய பாதத்தைச் சுற்றிக் கோடு போட்டேன். நீலத் தகரக் கடிகாரம் இன்னும் இருந்தது. அதைப் பார்த்ததும் சிரித்தாள். இருபது நிமிடத்துக்குத் திருகினேன்.

முதல் இருபது நிமிடம் நெற்றி, கன்னம். சாம்பலின் மேல் எண்ணெய் வண்ணம் நன்றாகப் பிடிக்கும். தலைகீழாகத்தான் பிடிக்காது.

"நான் போய்ப் பாத்தேன்" என்றாள், தாடையை அசைக்காமல்.

"எதை?"

"என்னைத்தான். தொண்ணூத்தாறுல டெப்போக்காரங்க எல்லாம் பஸ் பிடிச்சு ஹாம்பர்க் போனோம். மத்தவங்க துறைமுகம் பாக்கப் போனாங்க. நான் ஏரிக்கரையில நடந்தேன். மழைன்னா மழை. அங்க எவனும் ஜன்னலுக்குத் திரை போட மாட்டான் போல. நல்லதாப் போச்சு. வெள்ளை வீடு, செவப்பு இலை மரம். மூணு மணி நேரம் நடந்தேன்."

என் தூரிகை நின்றிருந்தது.

"கண்டுபிடிச்சேன்" என்றாள். "பெரிய மரம். அடியில நின்னு பாத்தேன். உள்ள சுவத்துல ஒரு சட்டத்தோட ஓரம் தெரிஞ்சுது. ஒரு ஆள் அதுக்கு முதுகு காட்டி உக்காந்து பேப்பர் படிச்சிட்டு இருந்தான். திரும்பிப் பாருடான்னு மனசுக்குள்ள சொன்னேன். பாக்கல. ஒரு அம்மா வெளிய வந்து என்ன வேணும்னு கேட்டா. ஒண்ணும் வேண்டாம், மழைக்கு நிக்கறேன்னேன். என்கிட்ட குடை இருந்துச்சு. வண்டில கூட்டம், கூச்சல், எவனாவது திட்டறப்பெல்லாம் அதை நினைச்சுப்பேன். நான் அங்கயும் ஒரு இடத்துல உக்காந்திருக்கேன்னு."

மணி அடித்தது. எழுந்து காலை உதறினாள். காபி குடித்தாள். "இப்ப நல்லா போடற" என்றாள். மீண்டும் போய்க் கோட்டுக்குள் பாதத்தை வைத்தாள்.

கடிகாரத்தைத் திருகினேன். கண்களை வரைய ஆரம்பித்தேன். ஒன்பது நிமிடம் போயிருந்தது.

"வாய்" என்றேன்.

அவள் உதட்டை மூடினாள். இனி பதினொரு நிமிடம் அவளால் பேச முடியாது. அதற்காகத்தான் அந்த நேரத்தைத் தேர்ந்தெடுத்தேன். எனக்கு வேறு விதமாகச் சொல்லத் தைரியம் இல்லை.

"படம் ஹாம்பர்க் போகல" என்றேன். "யாரும் வாங்கல. நான் அதுமேல சாம்பல் பூசினேன். உன் முகத்தை உப்புத்தாள் போட்டு நானே தேய்ச்சேன். பன்னெண்டு வருஷம் ஒரு பல் டாக்டர் கிளினிக்ல ஹீட்டருக்கு மேல தொங்கிச்சு. இங்கதான், லைப்சிக்ல. உன் டிராம் அந்தத் தெரு வழியாத்தான் போகும். அந்த வெள்ளை வீடு பெயின்ட் கடை நாட்காட்டில இருந்த வீடு."

அவள் அசையவில்லை.

நான் நிறுத்தியிருக்கலாம். மணி அடிக்கும்வரை வரைவதுதான் வழக்கம். வரைந்தேன். கண்கள் என் தோளுக்கு மேலே, நான் சொன்ன இடத்திலேயே இருந்தன. மேலுதடு கொஞ்சம் உள்ளே போயிருந்தது. அதை அப்படியே வைத்தேன். கோட்டுக்குள் அந்த நீண்ட விரல் ஒருமுறை மடங்கி நிமிர்ந்தது. வேறு ஒன்றும் நகரவில்லை. தகரக் கடிகாரம் சத்தமாக ஓடியது. அவ்வளவு சத்தமாக ஓடும் என்று நான் கவனித்ததில்லை.

மணி அடித்தது. அவள் உடனே எழவில்லை.

"வாய் முடிஞ்சுதா?"

"முடிஞ்சுது."

"எங்கேருந்து தேய்க்க ஆரம்பிச்ச?"

"கண்ணுலேருந்து."

"பாத்துட்டே இருந்தேனா?"

"ஆமா."

"வலிக்குமேன்னு தோணல?"

அவள் குனிந்து ஷூவைப் போட்டாள். நாடாவை இரண்டு முறை கட்டினாள். எழுந்து வந்து, முடியாத படத்தை முதல் முறையாகப் பாதியில் பார்த்தாள். இருபத்தொன்பது வயதுக் கைகள். இருபத்தொன்பது வயதுக் கால். அதற்கு மேல் சற்று முன் என் பேச்சைக் கேட்டுக்கொண்டிருந்த முகம்.

"இது அந்த முகம் இல்லடா."

"இல்ல."

"சாக்பீஸ் கோட்டைக்கூட வரைஞ்சிருக்க" என்றாள். பிறகு தன் மேலங்கியை எடுத்தாள். "அந்தப் பல் டாக்டர் எங்க இருக்கார்? நட."

*

டிராமில் போனோம். அவள் உட்காரவில்லை. ஓட்டுநர் அறைக்குப் பக்கத்தில் கம்பியைப் பிடித்துக்கொண்டு நேராகப் பார்த்தபடி நின்றாள்.

காத்திருக்கும் அறையில் கன்னம் வீங்கிய ஒரு ஆள் மட்டும் இருந்தார். சாம்பல் பன்னிரண்டைப் பார்த்துக்கொண்டிருந்தார். மார்லிஸ் அவருக்குப் பக்கத்து நாற்காலியில் உட்கார்ந்தாள். சுவரைப் பார்த்தாள். ஜன்னலைப் பார்த்தாள்.

"மரம் இல்ல" என்றாள்.

"இல்ல. கார் நிறுத்தற இடம்."

வெண்ட்லர் அடுத்தவரைக் கூப்பிட வந்தவர் எங்களைப் பார்த்து நின்றார். என்னைப் பார்த்தார். அவளைப் பார்த்தார். அவளுடைய காலைப் பார்த்தார்.

"நீங்களா அது?" என்றார்.

"நான்தான்."

"ஷூ போட்டிருக்கீங்க."

"வெளிய வந்தா போட்டுக்கறதுதான்." பிறகு கேட்டாள்: "பன்னெண்டு வருஷம் நான் இங்க இருந்திருக்கேன். யாராவது பாத்தாங்களா?"

"யாராவதா? எல்லாரும் பாத்தாங்க. இங்க வேற பாக்க என்ன இருக்கு? மீன் தொட்டி வைக்கச் சொன்னாங்க, நான்தான் வேண்டாம்னுட்டேன். பத்து நிமிஷம், இருபது நிமிஷம், அரை மணி நேரம். பாத்துட்டேதான் இருப்பாங்க."

கன்னம் வீங்கியவர் தலையை மட்டும் ஆட்டினார்.

அவர் வெண்ட்லரோடு உள்ளே போனார். கதவு மூடியது. மார்லிஸ் எழுந்து சுவருக்குப் பக்கத்தில் போனாள். சாம்பல் பன்னிரண்டைத் தொடவில்லை. கீழே ஹீட்டரின் மேல் கையை வைத்தாள். எடுக்காமல் வைத்திருந்தாள்.

"அங்க அந்த ஆள் முதுகைக் காட்டிட்டு உக்காந்திருந்தான்" என்றாள். "ஒரு தடவைகூடத் திரும்பல."

நான் நின்றுகொண்டிருந்தேன்.

"சூடாவாவது இருந்திருக்கு" என்றாள்.

திரும்பி வந்து உட்கார்ந்தாள். மேலங்கிப் பொத்தானைப் போட்டாள், கழற்றினாள். உள்ளே துளைக்கும் கருவியின் சத்தம் கேட்டது, நின்றது.

"வியாழக்கிழமை மூணு மணிக்கு எனக்கு ஷிப்ட் முடியும்."

"சரி."

"காது இன்னும் போடல நீ."